ஐம்பத்தாறு நாள்

என் வீட்டில் முதன்முதலாக நாய் குட்டி போட்டது 1988 மார்கழியில். பிறந்தவை எட்டு. நான்காம் நாள் மிஞ்சியவை ஐந்து. போன மூன்றும் நோயால் போகவில்லை, குளிரால் போயின.

செஞ்சிக்காரனிடம் குளிர் என்றால் நம்பமாட்டான். ராஜகிரி, கிருஷ்ணகிரி என்று ஊரைச் சுற்றி மொட்டைப் பாறைகள். சித்திரை மாதத்தில் ராத்திரி பத்து மணிக்கும் அந்தப் பாறைகள் அடுப்புக் கல் மாதிரி சூடு விட்டுக்கொண்டிருக்கும். அந்த நினைப்பிலேயே என் ராஜபாளையம் பொட்டையை மல்லாட்டைக் கொல்லையில் இருந்த கீற்றுக் கொட்டகையில், சிமெண்டுத் தரையில், ஒற்றைக் கோணியைப் போட்டுப் படுக்க வைத்திருந்தேன். விடியற்காலம் போய்ப் பார்த்தால் தாயின் முதுகுப் பக்கம் உருண்டுபோன ஒரு குட்டி பிழிந்து போட்ட துணியாகக் கிடந்தது. பசி என்று நினைத்தேன். மாட்டுப்பாலைக் காய்ச்சி, இங்க் ஃபில்லரில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டேன். அரை மணி நேரத்தில் செத்துப்போனது. அடுத்த இரண்டு நாளில் இன்னும் இரண்டு, அதே மாதிரி.

நான்காவது குட்டி துவண்டபோது அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த கம்பவுண்டர் மருந்து எதையும் எடுக்கவில்லை. குட்டியின் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். "உள்ள ஜில்லுனு இருக்குது தம்பி. இதுக்கு இப்பப் பால் குடுத்தா செத்துரும்" என்றார். சட்டைப் பித்தானைக் கழற்றிக் குட்டியைத் தன் வயிற்றோடு ஒட்டி வைத்து, மேலே சட்டையை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்தக் கோலத்திலேயே ஒரு பசுமாட்டுக்கு மருந்து ஊற்றினார், இரண்டு ஆடுகளைப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் சட்டைக்குள்ளிருந்து 'ங்ஙீ' என்று சத்தம் வந்தது. "இப்ப எடுத்துட்டுப் போய்த் தாய்கிட்ட விடு."

பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. முதல் வாரத்தில் அதற்கு நடுங்கக்கூட வராது. உடம்பு குளிர்ந்துவிட்டால் குடலும் நின்றுவிடும். உள்ளே போன பால் அப்படியே கிடந்து உப்பும், இல்லையென்றால் நுரையீரலுக்குள் இறங்கும். முதலில் சூடு, அப்புறம்தான் பால். புத்தகத்தில் இதைப் பின்னாளில் படித்தேன். ஆனால் என் கைக்கு வந்தது அந்தச் சட்டைப் பித்தானிலிருந்துதான்.

அதன் பிறகு குட்டி போடும் அறையைக் கொல்லையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சமையலறைக்கு ஒட்டின அறை. அடியில் பலகை, மேலே வைக்கோல் பரப்பி அதன்மேல் துவைத்த கோணி. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் கொண்டுவரும் ஊர் இது, கோணிக்குப் பஞ்சமில்லை. ஒரு மூலையில் மட்டும் குண்டு பல்பு தொங்கும். அறை முழுக்கச் சூடாக்கினால் குட்டிக்கு ஒதுங்க இடமிருக்காது. முதல் வாரம் அந்த மூலையில் 30 டிகிரி இருந்தால் போதும். தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன், ஆனால் நான் பார்ப்பது குட்டிகள் படுத்திருக்கும் விதத்தை. ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து முனகினால் குளிர். தனித்தனியாக விலகி வாயைத் திறந்து கிடந்தால் சூடு. பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, தூக்கத்தில் காலையும் மூக்கையும் வெட்டி வெட்டி இழுத்தால் சரியாக இருக்கிறது என்று பொருள். அந்த வெட்டலைப் பார்த்து வலிப்பு என்று பயந்து கேட்பவர்கள் உண்டு. பயம் வேண்டாம், நரம்பு வளர்கிறது. அந்த வெட்டல் இல்லாமல் அசையாமல் தூங்கும் குட்டியைத்தான் நான் கையில் எடுத்துப் பார்ப்பேன்.

நாய்க்குச் சினை சுமார் 63 நாள். கடைசி வாரத்தில் காலை, மாலை தாயின் சூட்டைப் பார்த்து எழுதி வைப்பேன். 38 டிகிரிக்கு மேல் இருப்பது 37-க்குக் கீழே சட்டென்று இறங்கினால், ஒரு நாளுக்குள் குட்டி வந்துவிடும். அன்றைக்கு நான் எங்கும் போகமாட்டேன். பெரும்பாலும் தாயே எல்லாம் செய்துகொள்ளும்: பையைக் கிழிக்கும், கொடியைக் கடிக்கும், நக்கி நக்கிக் குட்டியை அழவைக்கும். நமக்கு வேலை வருவது, அது களைத்துப்போய்ப் பையைக் கிழிக்காமல் விடும்போது. ஒரு நிமிஷம்தான் நேரம். மூக்குப் பக்கம் பையைக் கிழித்து, வாய்க்குள் இருக்கும் கோழையை வழித்து, தலை கீழ்ப்பக்கம் சாய்ந்திருக்க, பழைய துண்டால் முதுகைப் பரபரவென்று தேய்க்க வேண்டும். குட்டியின் நாக்கு நீலமாக இருக்கும். தேய்த்துக்கொண்டே அந்த நாக்கைப் பார்த்திருப்பேன். ஓரத்திலிருந்து நீலம் மாறிச் சிவக்க ஆரம்பிக்கும் நேரத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. பத்து நிமிஷம், கால் மணி நேரம் தேய்த்து மீட்ட குட்டிகள் உண்டு. சில மீளவில்லை.

பிறந்த முதல் நாளுக்குள் சீம்பால் வயிற்றுக்குள் போயாக வேண்டும். தாயின் எதிர்ப்புச் சக்தியைக் குடல் வாங்கிக்கொள்வது சுமார் 24 மணி நேரம் வரைக்கும்தான், அப்புறம் அந்தக் கதவு மூடிவிடும். அதனால் நோஞ்சான் குட்டியைப் பின்பக்கத்துக் காம்பில் பிடித்து வைப்பேன், அங்கேதான் பால் அதிகம் சுரக்கும். சமையல் தராசில் எல்லாக் குட்டியையும் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுவேன். ராஜபாளையம் குட்டி என் தராசில் 400 கிராம் சுமாருக்கு வரும், பத்தாம் நாளுக்குள் அது இரட்டிப்பாக வேண்டும். ஒரு நாள் எடை ஏறாவிட்டால் கவனிப்பேன், இரண்டு நாள் ஏறாவிட்டால் டாக்டருக்குப் போன்.

ராஜபாளையம் குட்டி பெரும்பாலும் வெள்ளை. எட்டும் ஒன்றுபோலவே இருக்கும், எதை நிறுத்தோம், எதை நிறுக்கவில்லை என்று தெரியாது. குங்குமம் வைத்தால் தாய் நக்கிவிடும். என் அம்மாதான் கம்பளி நூல் கட்டச் சொன்னாள்: சிவப்பு, பச்சை, ஊதா என்று கழுத்துக்கு ஒரு நிறம். ஒரு தடவை கல்யாண வேலையில் மூன்று நாள் நூலை மாற்ற மறந்துவிட்டேன். மஞ்சள் நூல் குட்டியின் கழுத்தில் நூல் புதைந்து, தோல் இரண்டு பக்கமும் மடிந்து நின்றது. நகவெட்டியின் முனையை நுழைத்து வெட்டி எடுத்தேன். குட்டி பிழைத்தது. அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் நூல் மாறும், வீட்டில் என்ன விசேஷம் இருந்தாலும்.

முதல் இரண்டு வாரம் குட்டிக்கு உலகம் என்பது மூக்கும் சூடும்தான். கண், காது இரண்டும் மூடி. தாய் வயிற்றை நக்கிவிடாவிட்டால் மூத்திரம்கூடப் போகாது. தாயில்லாக் குட்டியை வளர்க்கிறவர்கள் ஈரப் பஞ்சால் அதைச் செய்ய மறந்துவிடுவார்கள், பால் கொடுத்தும் குட்டி ஏன் செத்தது என்று என்னிடம் வந்து நிற்பார்கள். பாலும் வெறும் மாட்டுப்பாலாக இருக்கக்கூடாது. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கொடுக்கும்போது குட்டி குப்புறப் படுத்திருக்க வேண்டும். குழந்தைக்குக் கொடுப்பதுபோல மல்லாத்திப் போட்டு ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

தாய்க்கும் ஒரு வார்த்தை. சினையாக இருக்கும்போது கால்சியம் டானிக்கை ஊற்று ஊற்றென்று ஊற்றுவது பலருக்குப் பழக்கம். நானும் செய்தேன். வெளியிலிருந்து அப்படிக் கொடுத்துக்கொண்டே இருந்தால், எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் வேலையை உடம்பு மறந்துவிடும். குட்டிக்கு மூன்று வாரமாகிப் பால் உச்சத்தில் இருந்த ஒரு நாள் தாய் நடை தள்ளாடி, விறைத்து, நடுங்கி விழுந்தது. டாக்டர் ரத்தக் குழாயில் மெதுவாகக் கால்சியம் ஏற்றினார். ஊசி முடிவதற்குள் எழுந்து நின்று வாலை ஆட்டியது. சினைக் காலத்தில் நான் இப்போது சாப்பாட்டை மட்டும்தான் கூட்டுகிறேன்.

"கண்ணு தொறந்துச்சா?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். பத்திலிருந்து பதினாலாம் நாளுக்குள் கண் திறக்கும், நீலப் புகை மாதிரி இருக்கும். நான் காத்திருப்பது காதுக்கு.

அதற்குக் காரணம் முத்து. 1997-இல் திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு ஒரு குட்டியைக் கொடுத்தேன். வெள்ளை வெளேரென்று, மூக்கு ரோஜா நிறத்தில் இருக்கும். ராஜபாளையம் என்றால் மூக்கு அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினார். ஐந்து மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். நாய் வேப்பமரத்தில் கட்டிக் கிடந்தது. தொடையில் தழும்புகள். "கூப்ட்டா திரும்பியே பாக்க மாட்டேங்குதுண்ணா. திமிர் புடிச்ச நாயி. அடிச்சும் பாத்துட்டோம்." நான் அதன் பின்னால் போய் நின்று கை தட்டினேன். காதுகூட அசையவில்லை. இன்னொரு தடவை. அசையவில்லை. என் நிழல் அதன் முன்னால் விழுந்ததும் திரும்பி, என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

அதற்குக் காது கேட்காது. பிறந்ததிலிருந்தே கேட்டிருக்காது. ஐந்து வாரம் என் கையில் இருந்த குட்டி, எனக்குத் தெரியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முத்துவைக் கூட்டி வந்தேன். பதினொரு வருஷம் என்னோடு இருந்தது. கையைத் தூக்கினால் உட்காரும், உள்ளங்கையைத் தரையில் தட்டினால் அதிர்வு தெரிந்து ஓடி வரும். அதை இனம் சேர்க்கவில்லை. அதன் தாயையும் தகப்பனையும் மறுபடி ஒன்றாகச் சேர்க்கவுமில்லை.

தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே வகை அணுக்கள் காதின் உட்பகுதியிலும் இருந்தால்தான் கேட்கும் நரம்பு பிழைக்கும். வெள்ளையை வெள்ளையோடு, அதிலும் நெருங்கின ரத்தத்தில், தலைமுறை தலைமுறையாகச் சேர்க்கும்போது சில குட்டிகளுக்கு அங்கே அந்த அணுக்கள் இல்லாமல் போகின்றன. நீலக் கண் இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். இது ராஜபாளையத்துக்கு மட்டும் வந்த கேடில்லை. டால்மேஷன் வைத்திருப்பவர்களுக்கும் தெரியும்.

காதுத் துளை இரண்டு வாரத்துக்குப் பிறகு திறக்கிறது. நாலாவது வாரத்தில் என் சோதனை தொடங்கும். குட்டிகள் நன்றாகத் தூங்கும் நேரமாகப் பார்த்து, செருப்பில்லாமல் போய், காற்றோ நிழலோ படாமல் பின்னால் உட்கார்ந்து, செய்தித்தாளைக் கசக்குவேன். தலைகள் ஒவ்வொன்றாக எழும். எழாத தலை இருந்தால் நூலின் நிறத்தைக் குறித்துக்கொண்டு, அந்தக் குட்டியை மட்டும் வேறு அறைக்குக் கொண்டுபோய் மறுபடி செய்வேன், ஏனென்றால் கூட இருக்கும் குட்டி எழுந்தால் செவிட்டுக் குட்டியும் அந்த அசைவில் எழுந்துவிடும். தரையைத் தட்டவே கூடாது. இந்தச் சோதனையில் ஒற்றைக் காது மட்டும் கேட்காத குட்டி தப்பிவிடும், அதற்கு மூளையின் மின்னலைகளைப் பார்க்கும் கருவி வேண்டும். வாங்க வருபவரிடம் அதையும் சொல்லித்தான் கொடுக்கிறேன். ரோஜா மூக்கு கேட்பவரிடம் கறுப்புப் புள்ளி விழுந்த குட்டியையும் எடுத்துக் காட்டுவேன். அதைச் சேர்ப்பது இனத்துக்கு நல்லது. பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள்.

2005 ஜனவரியில் தபால்துறை நான்கு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. ராஜபாளையம் அதில் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொன்னார். இரண்டு தடவையும் என் போன் ஓயவில்லை. சைதாப்பேட்டையில் அரசாங்கமே நாட்டு நாய்களுக்கு இனவிருத்திப் பிரிவு வைத்திருந்த காலத்திலிருந்து இந்த இனங்களுக்காகப் பாடுபட்டவர்கள் இருக்கிறார்கள், பெயர் பரவினதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் போனில் வந்த கேள்வி எல்லாம் ஒன்றே: "ஒரு மாசக் குட்டி இருக்குதா?"

ஆரம்பத்தில் நானும் முப்பதாம் நாள் கொடுத்தவன். பல் முளைத்துவிட்டது, கூழ் நக்குகிறது, தாய் கிட்டே சேர்ப்பதில்லை, இன்னும் ஏன் வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். சாப்பாட்டுச் செலவும் அப்போதுதான் ஏறும். 28-ஆம் நாள் ஒரு செங்கல் சூளைக்குப் போன குட்டி வளர்ந்து, விளையாட்டில் ஒரு குழந்தையின் கையைக் கிழித்துவிட்டது. கோபத்தில் கடிக்கவில்லை. எவ்வளவு அழுத்தலாம் என்று அதற்குத் தெரியாது. அந்த அளவை ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் கூடப் பிறந்ததுகளிடம்தான் கற்க வேண்டும். ஒன்றின் காதை இன்னொன்று கடிக்கும். கடிபட்டது கீச்சென்று கத்தி விளையாட்டை விட்டுப் போய்விடும். கடித்தது முழித்துக்கொண்டு நிற்கும். மறுநாள் கொஞ்சம் மெதுவாகக் கடிக்கும். தாயின் காம்பைப் பல்லால் பிடித்தால் தாய் எழுந்து போய்விடும், உறுமும், மூக்கால் கவிழ்த்துப் போடும். என்னதான் நான் பார்த்துப் பார்த்து வளர்த்தாலும் இதை நான் கற்றுக்கொடுக்க முடியாது.

ஆள் நடமாட்டமில்லாமல் வளர்ந்த ஒரு ஈத்து எனக்கு இன்னொன்றைக் காட்டியது. நல்ல உடம்பு, நல்ல எடை. ஆனால் ஆளைக் கண்டால் சுவரோடு ஒட்டும். வாங்கிப் போனவர்கள் வீட்டில் கடைசி வரைக்கும் அப்படியே இருந்தன. கால்நடைக் கல்லூரியில் படித்த ஒரு பையன் அதைக் கேட்டுவிட்டு, அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு பேர் பல வருஷம் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-இல் புத்தகம் போட்டதைச் சொன்னான். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைக்கும் எதைப் பார்க்கிறதோ அதைத்தான் குட்டி தன்னுடைய உலகமாக ஏற்றுக்கொள்ளும். ராஜபாளையம் இயல்பிலேயே அந்நியரைச் சேர்க்காது. அதற்கு இந்த வாரங்கள் இரண்டு மடங்கு முக்கியம்.

அதனால் சமையலறைப் பக்கத்து அறை சரியாகப் போயிற்று. குக்கர் விசில், மிக்சி, பாத்திரம் விழும் சத்தம் எல்லாம் குட்டிகளுக்குத் தாலாட்டு. வீடு திருவண்ணாமலை ரோட்டுக்குப் பக்கம். பௌர்ணமிக்குக் கிரிவல பஸ்கள், அமாவாசைக்கு மேல்மலையனூர் பஸ்கள், ராத்திரி முழுக்க ஹாரன். காது திறந்த பிறகு அந்த ஒரு பௌர்ணமியும் ஒரு அமாவாசையும் என் குட்டிகளுக்குக் கட்டாயம் கிடைத்துவிடும். தினமும் யாராவது ஒரு பிள்ளை, ஒரு கிழவர், ஹெல்மெட் போட்டவர், புடவை கட்டினவர் என்று குட்டியை மடியில் ஐந்து நிமிஷம் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவின பிறகுதான் யாரும் குட்டியை மடியில் வாங்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு குடும்பம் வந்து குட்டிகளைத் தூக்கிப் பார்த்தது, முன்னதாக எந்தெந்த வீட்டுக் குட்டியைத் தொட்டார்களோ தெரியாது. ஆறாம் நாள் வாந்தி, ரத்தப் பேதி, பார்வோ வைரஸ் நோயின் அந்த நாற்றம். ஒரு தடவை முகர்ந்தவன் மறக்கமாட்டான். ஏழில் ஐந்து போயின. ராத்திரியெல்லாம் குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மனைவி, அதன் பிறகு இரண்டு மாதம் அந்த அறைக்குள் போகவில்லை. பினாயில் அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது, பிளீச்சிங் பவுடர்தான் வேண்டும். மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். ஒரு வருஷம் முழுக்க அங்கே நாய் குட்டி போடவில்லை. இப்போது பூச்சி மருந்து இரண்டாவது வாரத்திலேயே ஆரம்பிக்கிறேன். தொப்பை போட்ட குட்டியைக் கொழுகொழு என்று மெச்சுவார்கள், பாதி நேரம் அது புழு. ஆறு, எட்டு வாரத்தில் தடுப்பூசி. தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி எப்போது தீருமென்று குட்டிக்குக் குட்டி மாறுவதால், நாலு மாதம் வரைக்கும் ஊசி தொடர வேண்டும் என்று அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பேன்.

எட்டு வாரத்துக்கு முன் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2017-இல் விதி போட்டது. எனக்கு அது புதிதாக இல்லை. செங்கல் சூளைக் குட்டிக்குப் பிறகு 56 நாளுக்கு முன் ஒன்றைக்கூட நான் கொடுத்ததில்லை. அவசரப்பட்டவர்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

கொடுக்கும்போதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் அனுப்பமாட்டேன். இரண்டு நாளுக்கு ஒன்று. தாயின் மடி படிப்படியாக வற்ற வேண்டும்.

போன ஐப்பசியில் கடைசியாகப் போனது பச்சை நூல். ஒரு ஆசிரியை, அவர் மகள், ஸ்கூட்டரில் வந்திருந்தார்கள். பேப்பர் கசக்கியதற்கு முதலில் தலை தூக்கிய குட்டி. நாலு நாளுக்கான சாப்பாட்டை டப்பாவில் போட்டேன், சாப்பாடு சட்டென்று மாறினால் பேதியாகும். தாய் படுத்திருந்த கோணியில் ஒரு கை அகலத்துக்கு வெட்டி எடுத்துச் சிறுமியிடம் கொடுத்தேன். "இதத் துவைக்காம அது படுக்கிற எடத்துல போடு பாப்பா. ராத்திரி அழுதா பக்கத்துல படுத்துக்க." அவள் கோணியை முகர்ந்து பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ராத்திரி ஒன்றரைக்குப் போன் வந்தது. எதிர்பார்த்துத்தான் தலைமாட்டில் வைத்திருந்தேன். "ஐயா, அழுதுகிட்டே இருந்துச்சு. இப்பப் பாப்பா கூடத்துல பாய் போட்டுக் கோணி பக்கத்துலயே படுத்துட்டா. ரெண்டு பேரும் தூங்கிட்டாங்க. சொல்லலாம்னுதான் பண்ணேன்."

எழுந்து போய் அறையைப் பார்த்தேன். தாய், வெட்டின கோணியின் ஓரத்தில் மூக்கை வைத்துப் படுத்திருந்தது. மடியைத் தொட்டுப் பார்த்தேன், கட்டியில்லை, சூடில்லை. மூலையில் எரிந்துகொண்டிருந்த பல்பை அணைத்தேன்.